பத்து நிமிடம் ஓட்டிக் காட்டப்படும்

போயா விடுமுறை. லைன் நான்கிலிருந்து பதினேழு பேர்.
பாசிக்குடாவுக்கென்றுதான் காசு சேர்த்தோம்.
பாதி பஸ் காசு கொம்பனி தந்தது,
அதனால் முழு முடிவும் கொம்பனியுடையது.
"கடல் எங்கயும் போகாது, இது பிரயோசனமான இடம்"
என்றார் எச்.ஆர். மிஸ்.

கல்லாறு, கல்முனை, சம்மாந்துறை தாண்டி
வயலுக்குள் திரும்ப, புகைபோக்கி தெரிந்தது.
புகை இல்லை. உச்சியில் ஒரு கொக்கு.
முன் சீற்றில் சுகிர்தா,
வாந்திக்கென்று கொண்டுவந்த பொலித்தீன் பைகளை
இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பழைய நெல் ஆலை, இப்போது நூதனசாலை.
ரிக்கற் நூறு ரூபா.
இயந்திரம் ஓட்டிக் காட்டப் புறம்பாக ஐந்நூறு.

அஸ்மீர் என்ற பொடியன் காட்டிக்கொண்டு வந்தான்:
முதலாளியின் நாற்காலி,
முதலாளியின் மேசைமணி,
கண்ணாடிப் பெட்டிக்குள் மடங்கிக் கிடக்கும்
முதலாளியின் குடை.
தொடாதீர்கள், தொடாதீர்கள்,
மூன்று மொழியிலும் தொடாதீர்கள்.

றிஸ்மினா கேட்டாள்:
"தம்பி, பொண்டுகள் எங்க போற?"
"வெளியில, கன்ரீனுக்குப் பக்கத்துல ராத்தா."
"எனக்கில்ல. அந்த நாளையில,
இஞ்ச வேலை செஞ்ச பொண்டுகள்."

அவன் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தான்.
நாங்களும் பார்த்தோம்.
கொதிகலன். புழுக்கும் தொட்டி. களம்.
உமிக்கிடங்கு. காரியாலயம். கார்க் கொட்டில்.

காருக்கு இருந்திருக்கிறது.

சிரித்தோம், கொஞ்ச நேரம்.
எங்கள் லைனில் அதற்கு ஓர் அட்டை உண்டு.
நாற்பது பேருக்கு ஒன்று.

அடுத்த அறையில் வரவுப் பதிவேடு,
ஏதோ ஒரு வைகாசி வாரத்தில் திறந்தபடி.
ஆண்களுக்குப் பெயர்.
பெண்களுக்கு ஆதம்பாவா பெண்சாதி,
கண்ணாப்போடி மகள்,
கண்ணாப்போடி மற்ற மகள்.
பக்கத்தில் ஊதா மையில் பெருவிரல்.
பெயர்தான் இரவல், ரேகை சொந்தம்.

ஒரு விரலில் மட்டும் ரேகையே இல்லை.
வெறும் ஊதாப் பொட்டு.
குனிந்து நெடுநேரம் பார்த்தேன்.
காலை ஏழு மணிக்குக் கேற்றில்
என் விரலை வாங்கி மூன்று தரம்
'மீண்டும் முயற்சிக்கவும்' என்கிற மெசினுக்கு
இவளையும் தெரிந்திருக்காது.

ஆளுக்கு முப்பது போட்டோம். ஐந்நூற்றுப் பத்து.
மிச்சப் பத்தை அஸ்மீர் நாணயமாகத் திருப்பித் தந்தான்.
"நெருப்பு மூட்டுறல்ல, பின்னால கரண்ட் மோட்டர்,"
இரகசியம்போல் சொல்லிவிட்டு சுவிச்சைப் போட்டான்.

பெருஞ்சில்லு முனகியது. தயங்கியது. சுற்றியது.
வார்ப்பட்டை கூரைக்கு ஏறி இறங்கி அறைய
நிலம் உள்ளங்காலுக்குள் வந்தது.
வந்திருந்த குடும்பமொன்று காதைப் பொத்திக்கொண்டு
வாயை மூடியது.

நாங்கள் அப்போதுதான் பேசத் தொடங்கினோம்.

யாரும் சொல்லித் தரவில்லை.
இரைச்சலுக்குள் வந்ததும் கண்கள் உதட்டுக்குப் போயின.
அந்தக் கோடியிலிருந்து நிரோஜினி:
சோத்துப் பார்சல் எங்க?
இந்தக் கோடியிலிருந்து சுகிர்தா:
பஸ்ஸில. மீன் உனக்கில்லை.
சத்தமே இல்லாமல் ஒரு சந்தை.

பட்டைக்கு அப்பால் நின்ற றிஸ்மினா
என்னைப் பார்த்து உதட்டை மெதுவாகக் குவித்தாள்.
மூணு மாசம்.

விளங்கவில்லை என்பதுபோல் நின்றேன்.
விளங்கியிருந்தது.
மிஸ்ஸுக்குத் தெரியுமா?
இல்ல. நிரந்தரக் கடிதம் வரட்டும்.
அதுவரைக்கும் எப்படி...
அதுவரைக்கும்

சில்லு நின்றது.
பத்து நிமிடம் முடிந்ததாம்.
அவள் வாய் அரைச் சொல்லோடு மூடிக்கொண்டது.
அந்த அமைதியில் மிஸ்ஸின் செருப்புச் சத்தம்கூடப்
பெரிதாய்க் கேட்டது.

வாசலில் கருத்துப் புத்தகம்.
மிஸ் எழுதினார்: மிகவும் பிரயோசனமாக இருந்தது.
கீழே றிஸ்மினா எழுதினாள்:
'பெண்கள் எங்கே போனார்கள் என்று விசாரித்து
வரைபடத்தில் குறிக்கவும்.'
வாப்பாவின் பெயரை முன்னால் போடாமல்
தன் பெயரை மட்டும், சுழித்து.

திரும்பும்போது கல்லாற்றுக்குக் கிட்ட
ஒரு பொலித்தீன் பை தேவைப்பட்டது.
சுகிர்தா றைவரைத் திட்டினாள்,
வளைவுகளைத் திட்டினாள், மீனைத் திட்டினாள்.
நான் எழுந்து
யன்னலோரத்தை விட்டுக்கொடுத்தேன்.